மேசியா யூதராக இருந்தாரா, இருக்கிறாரா?

"இயேசு உலகத்துக்கே ரட்சகர் என்றால் அவர் எந்த ஜனத்தில் பிறந்தார் என்பது அவ்வளவு முக்கியமா? மேசியானிய யூதர்கள் இதையே திரும்பத் திரும்பச் சொல்வது இனப்பெருமை போலத் தெரிகிறதே? அவர் யூதர் என்றால் நாமும் பஸ்கா ஆசரிக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பஸ்கா பற்றிய பதில் சின்னது, அதைக் கடைசியில் சொல்கிறேன். முதல் இரண்டுக்கும் கொஞ்சம் நிதானமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

மேசியானிய யூதர்கள் என்று இங்கே நான் சொல்வது, யூதர்களாகப் பிறந்து, இயேசுவை இஸ்ரவேலின் மேசியா என்று விசுவாசித்து, அதற்குப் பிறகும் யூதர்களாகவே வாழ்கிறவர்களை. அவரை யெஷுவா என்று அழைப்பார்கள். வெள்ளி மாலை ஓய்வுநாள் விளக்கேற்றுவார்கள், சபையில் மோசேயின் ஐந்து புத்தகங்களாகிய தோராவை வாசிப்பார்கள், ஆண்பிள்ளைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்வார்கள். 'நான் மதம் மாறவில்லை, என் ஜனத்தின் மேசியாவைக் கண்டுகொண்டேன்' என்பதுதான் அவர்கள் பேச்சின் சாரம்.

இயேசு யூதர் என்பதை எந்தக் கிறிஸ்தவரும் மறுக்கமாட்டார். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் பிறந்த ஊர் எழுதுகிற கட்டத்தைப் போல, நிரப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். மேசியானிய விசுவாசத்தில் அப்படிக் கடந்துபோக முடியாது. காரணம் எளிது. மேசியா என்பது இஸ்ரவேலுக்கு வெளியே அர்த்தமே இல்லாத ஒரு பதவி. ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கு, தாவீதின் சிங்காசனத்தைப் பற்றிய வாக்கு, தீர்க்கதரிசிகள் சொன்ன மீட்பு என எல்லாம் ஒரு குறிப்பிட்ட ஜனத்துக்குச் சொல்லப்பட்டவை. அந்த ஜனத்திலிருந்து இயேசுவைப் பிரித்தெடுத்தால் மிஞ்சுகிறவர் ஒரு ஞானி, ஒரு நல்ல போதகர், வேண்டுமானால் ஒரு தெய்வ அவதாரம். மேசியா மிஞ்சமாட்டார். புதிய ஏற்பாட்டின் முதல் வசனமே அவரை ஆபிரகாமின் குமாரனாகிய தாவீதின் குமாரன் என்று அறிமுகப்படுத்துகிறது. மற்ற எதையும் சொல்வதற்கு முன்னால் மத்தேயுவுக்கு இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கும் மேலே மேசியானிய யூதர்கள் ஒரு படி போகிறார்கள். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். அவர் யூதராக இருந்தார் என்று அவர்கள் சொல்வதில்லை, இருக்கிறார் என்கிறார்கள். உயிர்த்தெழுந்தது அதே சரீரம் என்று நம்புகிறோம். தோமாவிடம் ஆணித் தழும்பைக் காட்டியது அதே கைதான். அப்படியானால் எட்டாம் நாளில் உடன்படிக்கையின் அடையாளத்தைப் பெற்ற சரீரமும் அதேதான். பரமேறியபோது அவர் தம் ஜனத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவில்லை. வெளிப்படுத்தல் 5ஆம் அதிகாரத்தில் மகிமையில் இருக்கிறவரை யூதா கோத்திரத்துச் சிங்கம் என்று மூப்பர் ஒருவர் அழைக்கிறார். வேதாகமத்தின் கடைசி அதிகாரத்தில் அவரே பேசும்போது "நான் தாவீதின் வேரும் சந்ததியுமாயிருக்கிறேன்" என்கிறார். அது நிகழ்காலம். மேசியானிய யூதர்களின் விசுவாசம் முழுக்க இந்த நிகழ்காலத்தின் மேல்தான் நிற்கிறது. அவர் இன்றும் யூதர் என்றால், யூத ஜனத்தோடு தேவன் செய்த உடன்படிக்கை ரத்தாகிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. தேவனுடைய வலது பாரிசத்தில் இருக்கிறவரே அந்த உடன்படிக்கைக்கு உயிருள்ள சாட்சி.

சுவிசேஷங்களை இந்தக் கண்ணோடு திறந்தால், பலமுறை படித்த பகுதிகளே வேறு மாதிரித் தெரியும். லூக்கா 2ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் நாள் விருத்தசேதனம், அப்புறம் தாயின் சுத்திகரிப்பு, தேவாலயத்தில் பிள்ளையை ஒப்புக்கொடுத்தல், பலியாக இரண்டு பறவைகள். லேவியராகமம் 12இன்படி அது ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர்கள் கொடுக்கிற பலி. மேசியாவின் பெற்றோர் ஏழைகள் என்பது நமக்குத் தெரியவருவதே ஒரு தோராக் கட்டளை வழியாகத்தான். பன்னிரண்டு வயதில் பஸ்காவுக்கு எருசலேம் போகிறார். வளர்ந்தபின் வழக்கத்தின்படியே ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போகிறார் என்று லூக்கா 4 சொல்கிறது. 'வழக்கத்தின்படியே' என்றால் அது ஒருநாள் போய்வந்த கதை இல்லை. யோவான் 10இல், மாரிகாலத்தில், தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின்போது சாலொமோனுடைய மண்டபத்தில் உலாவுகிறார். இன்று யூத வீடுகளில் எட்டு நாள் விளக்கேற்றிக் கொண்டாடும் ஹனுக்காதான் அந்தப் பண்டிகை. அது மோசே கொடுத்த பண்டிகைகூட இல்லை. மக்கபேயர் என்ற யூதக் குடும்பத்தாரின் காலத்தில், கி.மு. 164இல் தேவாலயம் மீட்கப்பட்டதன் நினைவாக வந்தது. தன் ஜனத்தின் சரித்திர நினைவுநாளிலும் அவர் அங்கே இருந்தார்.

பன்னிரண்டு வருடம் பெரும்பாடுள்ள பெண் அவருடைய வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டது எல்லாருக்கும் தெரிந்த சம்பவம். அந்த ஓரத்தில் என்ன இருந்தது? எண்ணாகமம் 15இல் இஸ்ரவேலர் தங்கள் வஸ்திரத்தின் ஓரங்களில் தொங்கல்கள் உண்டாக்கி, அதில் இளநீல நாடா கட்ட வேண்டும் என்று கட்டளை இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கர்த்தருடைய கற்பனைகளை நினைக்க வேண்டும் என்பதற்காக. யூதர்கள் சீசித் என்று சொல்வது இதைத்தான். இன்றும் ஜெப சால்வையின் நான்கு மூலைகளிலும் முடிச்சுகளோடு தொங்கும். நசரேயனாகிய இயேசு இந்தத் தொங்கல்களோடுதான் கலிலேயாவில் நடந்தார். அந்தப் பெண்ணின் விரல் பட்டது அதன் மேல்தான் என்று வேத ஆராய்ச்சியாளர் பலரும் சொல்கிறார்கள். சகரியா 8இல் ஒரு தீர்க்கதரிசனம் இருக்கிறது: பல பாஷைக்காரரில் பத்துப்பேர் ஒரு யூதனுடைய வஸ்திரத்தொங்கலைப் பிடித்துக்கொண்டு, தேவன் உங்களோடே இருக்கிறார் என்று கேள்விப்பட்டோம், உங்களோடேகூடப் போவோம் என்பார்கள். மேசியானிய யூதர்கள் இந்த இரண்டு பகுதிகளையும் சேர்த்தே வாசிக்கிறார்கள். புறஜாதியார் பிடித்துக்கொண்டு வருகிற அந்தத் தொங்கல் மேசியாவுடையது என்பது அவர்கள் விசுவாசம்.

சரி, இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருப்பது எப்படி மறந்துபோனது? மறந்துபோகவில்லை, மறக்கடிக்கப்பட்டது. ஆரம்பத்தில் சபையே யூதர்களால் ஆனது. அப்போஸ்தலர் 21இல் யாக்கோபு பவுலிடம், விசுவாசிகளாயிருக்கிற யூதர் ஆயிரமாயிரம் பேர் இருக்கிறார்கள், எல்லாரும் நியாயப்பிரமாணத்துக்காக வைராக்கியமுள்ளவர்கள் என்கிறார். பவுலும் அவர்களுக்காகச் சுத்திகரிப்பு செய்துகொண்டு தேவாலயத்துக்குள் போகிறார். பின்னால் சபையில் புறஜாதியார் பெருகினார்கள். கி.பி. 70இல் தேவாலயம் இடிந்தது, 135இல் ரோமருக்கு எதிரான யூதரின் பார் கோக்பா கிளர்ச்சி தோற்றது, இரண்டு பக்கமும் விலகிக்கொண்டே போனது. 325இல் சபைத் தலைவர்கள் கூடிய நிசேயா சங்கம் முடிந்ததும், உயிர்த்தெழுதல் பண்டிகையின் தேதியில் யூதரோடு நமக்குப் பொதுவாக எதுவும் இருக்கக் கூடாது என்று ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் சபைகளுக்கு எழுதினார். அதே நூற்றாண்டில் கூடிய லவோதிக்கேயா சங்கம், கிறிஸ்தவர்கள் ஓய்வுநாளில் ஓய்ந்திருக்கக் கூடாது, வேலை செய்ய வேண்டும் என்றே விதி போட்டது. அப்போதும் நசரேயர் என்ற பெயரில், இயேசுவை விசுவாசித்துத் தோராவையும் கைக்கொண்ட யூதர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி, சபைப் பிதாக்களில் ஒருவரான ஜெரோம் இன்னொரு பிதாவாகிய அகஸ்டினுக்கு எழுதிய கடிதத்தில், யூதராகவும் கிறிஸ்தவராகவும் இருக்க விரும்புகிறார்கள், அதனால் இரண்டில் ஒன்றாகவும் இல்லாமல் போகிறார்கள் என்று முடித்துவிட்டார். இயேசுவின் சகோதரராகிய யாக்கோபு அன்று உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் அதே தீர்ப்புத்தான்.

இந்தப் பாதை எங்கே போய் முடிந்தது என்று தெரிந்தால்தான், மேசியானிய யூதர்கள் ஏன் இதில் இவ்வளவு உறுதியாக நிற்கிறார்கள் என்பது புரியும். 1939 மே மாதம் ஜெர்மனியில் ஐசனாக் நகரத்தில் புராட்டஸ்டன்ட் சபைத் தலைவர்கள் சிலர் ஒரு ஆய்வு நிறுவனம் தொடங்கினார்கள். ஜெர்மானியச் சபை வாழ்வில் யூதத் தாக்கத்தை ஆராய்ந்து ஒழிப்பது என்பதுதான் அதன் பெயரிலேயே இருந்த நோக்கம். திறப்பு விழா நடந்தது வார்ட்பர்க் கோட்டையில், லூத்தர் உட்கார்ந்து புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்த அதே இடத்தில். வால்டர் குருண்ட்மான் என்ற புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர் அதன் ஆய்வுத் தலைவர். கலிலேயா யூதப் பகுதியே இல்லை, ஆகவே இயேசு யூதராக இருந்திருக்க வாய்ப்பில்லை என்று அவர் எழுதினார். 1940இல் யூத அடையாளங்களைக் களைந்த ஒரு புதிய ஏற்பாட்டை அச்சடித்தார்கள். பாட்டுப் புத்தகத்திலிருந்து எபிரேயச் சொற்களை எடுத்தார்கள். இதைச் செய்தவர்கள் நாத்திகர்கள் அல்ல, வேதம் படித்த ஊழியர்கள். மேசியாவை அவருடைய ஜனத்திலிருந்து பிரிப்பதும் அந்த ஜனத்தை அழிப்பதும் ஒரே காலத்தில், ஒரே நாட்டில் நடந்தன. இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அதற்கு ஒரு வருடம் முன்னால், 1938இல், மார்க் ஷகால் என்ற யூத ஓவியர் 'வெள்ளைச் சிலுவை மரணம்' என்ற ஓவியத்தை வரைந்தார். இன்று அது சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. சிலுவையில் இருக்கிறவரின் இடுப்பில் சுற்றியிருப்பது யூத ஜெப சால்வை. காலடியில் மெழுகுவர்த்தித் தண்டு எரிகிறது. ஒரு பக்கம் ஜெப ஆலயம் தீப்பற்றி எரிகிறது, இன்னொரு பக்கம் வீடுகள் தலைகீழாகக் கிடக்கின்றன, ஜனங்கள் ஓடுகிறார்கள். ஷகால் மேசியானிய யூதர் இல்லை, இயேசுவை மேசியா என்று அவர் அறிக்கையிடவும் இல்லை. ஆனால் சபைத் தலைவர்கள் பார்க்க மறுத்ததை அவர் பார்த்தார். எரிகிற ஊரில் இயேசு எந்தப் பக்கம் இருப்பார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

நவீன மேசியானிய இயக்கம் இதற்கும் முந்தியது. 1881இல் ரஷ்யப் பேரரசில் யூதர்களுக்கு எதிரான கலவரங்கள் வெடித்தபின், கிஷினேவ் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் ரபினோவிச் தன் ஜனத்துக்குப் புகலிடம் தேடி 1882இல் பாலஸ்தீனாவுக்குப் போனார். இந்தத் தேசத்தின் திறவுகோல் நம் சகோதரராகிய இயேசுவின் கையில் இருக்கிறது என்ற முடிவோடு திரும்பினார். 'நம் சகோதரர்' என்ற அந்த வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. அன்றைக்குச் சராசரி யூதருக்கு இயேசு என்றால் கலவரம் செய்ய வருகிறவர்களின் கடவுள். ரபினோவிச் ஆரம்பித்த புதிய உடன்படிக்கையின் இஸ்ரவேலர் என்ற சபை விருத்தசேதனத்தையும் ஓய்வுநாளையும் விட்டுவிடவில்லை. அமெரிக்காவில் 1915இல் எபிரேயக் கிறிஸ்தவர் கூட்டமைப்பு உருவானது. 1975இல் அதுவே மேசியானிய யூதர் கூட்டமைப்பு என்று பெயரை மாற்றிக்கொண்டது. யூதராய்ப் பிறந்த கிறிஸ்தவர்கள் என்ற நிலையிலிருந்து, மேசியாவை அறிந்த யூதர்கள் என்ற நிலைக்கு வந்ததை அந்தப் பெயர் மாற்றமே காட்டிவிடுகிறது.

இங்கே யூத சமயத்தார் தரப்பையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். இயேசு பிறப்பால் யூதர் என்பதில் அவர்களுக்கு மறுப்பே இல்லை. 1922இல் எருசலேமிலிருந்து யோசப் கிளாவுஸ்னர் எபிரேயத்தில் எழுதிய இயேசு வரலாறும், பின்னால் கேசா வெர்மஸ், டேவிட் ஃப்ளுசர் செய்த ஆய்வுகளும் அவரை முதல் நூற்றாண்டு யூதராக மீட்டெடுத்தவை. யூதத் தத்துவஞானி மார்ட்டின் பூபர் அவரைத் தன் பெரிய சகோதரர் என்றே எழுதினார். மறுப்பு மேசியா என்பதில்தான். 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் வகுத்த அளவுகோல்படி, தாவீதின் வம்சத்தில் வருகிற ராஜா தேவாலயத்தைக் கட்டி, சிதறிய இஸ்ரவேலரைச் சேர்த்தால்தான் அவர் மேசியா. அதற்குள் கொல்லப்பட்டால் அவர் வாக்குப்பண்ணப்பட்டவர் அல்ல. மேசியானிய யூதர்கள் இரண்டு வருகைகளைச் சொல்லி இதற்குப் பதில் தருகிறார்கள்: முதலில் பாடுபட, பிறகு அரசாள. ரபிமாரின் போதனைத் தொகுப்பாகிய தல்மூதிலேயே, சுக்கா என்ற பகுதியில், கொல்லப்படுகிற யோசேப்பின் குமாரனாகிய மேசியா, தாவீதின் குமாரனாகிய மேசியா என்று இருவர் பேசப்படுவதை எடுத்துக்காட்டி, இருவரும் ஒருவரே என்கிறார்கள். எனக்கு இது வலுவான பதிலாகவே படுகிறது. ஆனால் மனிதனை வணங்கக் கூடாது என்ற யூத மறுப்பு இதைவிட ஆழமானது, அது தல்மூத் மேற்கோளால் தீர்கிற விஷயம் இல்லை.

வம்சாவளியிலும் ஒரு நியாயமான கேள்வி உண்டு. கோத்திரம் தகப்பன் வழியாக வருவது. கன்னிப் பிறப்பு என்றால் தாவீதின் வம்சம் எப்படி வந்தது? மத்தேயுவுக்கு இந்தக் கேள்வி தெரிந்தே இருந்தது. அதனால்தான் தூதன் "தாவீதின் குமாரனாகிய யோசேப்பே" என்று கூப்பிட்டு, பிள்ளைக்குப் பெயரிடும் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கிறான். 'இவன் என் மகன்' என்று ஒருவர் சொன்னால் அவர் நம்பப்படுவார் என்பது யூதரின் பழைய சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவிலும் இருக்கிற விதி. மேசியானிய யூத ஆசிரியர்கள் இந்தச் சட்டபூர்வமான தகப்பன் உறவையே ஆதாரமாக வைக்கிறார்கள். லூக்காவின் வம்சவரலாறு மரியாளுடையது என்று பலர் பிரசங்கிப்பார்கள், ஆனால் லூக்கா அப்படி எழுதவில்லை. யோசேப்பின் பெயரைத்தான் எழுதியிருக்கிறார். அந்த வாதத்தில் அதிகம் சாய வேண்டாம்.

மேசியானிய யூதர்களுக்கு இது ஏட்டளவிலான விவாதம் அல்ல, குடியுரிமை வரைக்கும் போகிறது. யூதராகப் பிறந்து, யூதர்களை நாஜிகளிடமிருந்து தப்பவைத்து, பிறகு கத்தோலிக்கத் துறவியான ஆஸ்வால்ட் ரூஃபைசன், சகோதரர் டேனியல் என்று அறியப்பட்டவர், திரும்பிவரும் யூதருக்கான சட்டத்தின்கீழ் இஸ்ரேலில் குடியுரிமை கேட்டார். 1962இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. 1970இல் சட்டத்தையே திருத்தி, வேறு மதத்தைச் சேராதவர் என்ற நிபந்தனையை எழுதினார்கள். 1989இல் ஒரு மேசியானிய யூதத் தம்பதியின் வழக்கிலும் அதே அடிப்படையில் மறுப்பு வந்தது. ஜெரோம் சொன்னதை மறுபக்கத்திலிருந்து திருப்பிச் சொன்னது போன்ற தீர்ப்பு. இரண்டு வீட்டிலும் கதவு அடைபட்டவர்கள், எங்கள் மேசியா யூதர் என்று திரும்பத் திரும்பச் சொன்னால் அதை இனப்பெருமை என்று எப்படிச் சொல்வது?

அப்படியானால் புறஜாதியாராகிய நாம் இரண்டாம் தரமா என்ற பயம் வரலாம். அப்போஸ்தலர் 15இலேயே அது தீர்ந்துவிட்டது. புறஜாதியார் விருத்தசேதனம் பண்ணிக்கொள்ளத் தேவையில்லை என்று எருசலேமில் தீர்மானித்தவர்கள் எல்லாரும் யூதர்கள். யூதர்கள் யூதராயிருப்பதை விட வேண்டும் என்று அங்கே யாரும் தீர்மானிக்கவில்லை. அது கேள்வியாகவே எழவில்லை. பவுல் ரோமர் 11இல், நல்ல ஒலிவமரத்தில் ஒட்டப்பட்ட காட்டொலிவக் கிளையாகிய நம்மைப் பார்த்து, "நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறதென்று நினைத்துக்கொள்" என்கிறார். சுமக்கப்படுவதில் அவமானம் ஒன்றும் இல்லை.

நம் ஊர்ச் சபைகளிலும் இப்போது ஷோபார் என்ற ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுகிறார்கள், ஜெப சால்வை போர்த்துகிறார்கள், யெஷுவா என்று அழைத்தால்தான் ஜெபம் கேட்கப்படும் என்பதுவரை சிலர் போகிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. பவுல் கலாத்தியருக்கு எழுதியதே இந்தப் போக்குக்கு எதிராகத்தான். பெரிய வெள்ளிப் பிரசங்கத்தில் 'யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள்' என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஷோபார் ஊதுவதில் என்ன கனம் இருக்கிறது? சிலுவையின் வழியில் அவருக்காக மாரடித்துப் புலம்பின பெண்களும் யூதர்கள், அடக்கம் பண்ணின அரிமத்தியா யோசேப்பும் யூதர். கத்தோலிக்க சபை 1965இல் வத்திக்கான் சங்கத்தின் வழியாக அந்தப் பழியை முறைப்படி நிராகரித்தது. நம் பிரசங்க மேடைகள் பலவற்றில் அது இன்னும் நடக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது அடிக்கடி குழப்பப்படுகிறது. மேசியா யூதர் என்பது, இஸ்ரேல் அரசு செய்கிற எல்லாவற்றுக்கும் ஆமென் சொல்வது ஆகாது. எருசலேமைப் பார்த்து அழுதவர் அவர்தான், அங்கே இருந்த ஆட்சியாளர்களைக் கடிந்துகொண்டவரும் அவர்தான். மேசியானிய யூதர்களையும் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களையும் ஒன்றாக உட்கார வைக்கிற முசாலஹா என்ற அமைப்பு 1990 முதல் அங்கே வேலை செய்துவருகிறது. இரு தரப்புக்கும் அது சுலபமான வேலை இல்லை.

இனி பஸ்கா. ஆசரிக்க வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் நல்லது. ஆனால் இயேசு கடைசி இரவில் செய்தது இதேதான் என்று சொல்லி நடத்தப்படும் விருந்துகளில் கொஞ்சம் கவனமாக இருங்கள். அவர் காலத்தில் பஸ்கா என்றால் தேவாலயத்தில் அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி. இன்றைய யூத வீடுகளில் நடக்கும் சேடர் என்ற ஒழுங்கு, தேவாலயம் இடிந்த பிறகு ரபிமார் படிப்படியாக உருவாக்கியது. மூன்று புளிப்பில்லா அப்பங்களில் நடுவிலிருப்பதைப் பிட்டு, துணியில் சுற்றி ஒளித்து, பிறகு தேடியெடுத்து உண்கிற வழக்கத்தில் மேசியானிய யூதர்கள் தங்கள் மேசியாவின் மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் காண்கிறார்கள். அது அவர்கள் குடும்ப மேஜையில், அவர்கள் பாட்டன் பூட்டன் வழியாக வந்த வழக்கத்துக்குள் அவர்கள் கண்டுகொண்டது. ஒரு மேசியானிய யூதக் குடும்பம் உங்களை அழைத்தால் விருந்தாளியாகப் போய் உட்காருங்கள். சபையில் நீங்களே நடத்துவதானால் அதற்குப் பதிலாக யாத்திராகமம் 12ஐயும் லூக்கா 22ஐயும் ஒரே மாலையில் உரக்க வாசித்து, அப்புறம் திருவிருந்து எடுங்கள்.